சாத்துக்குடி மேலே ஒரு நூல்



போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுச் சிறுமி என்னைத் தேடி வந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு கையில் பள்ளி அட்லஸ், இன்னொரு கையில் ஸ்கேல். முகம் வாடியிருந்தது.

“மாமா, என் கணக்கு எங்கேயோ தப்பாப் போச்சு.”

“தப்பிப் போனதைத் தேடிப் பிடிப்பதுதானே நமக்கு வேலை. உட்கார், சொல்லு.”

அவளுடைய சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் நியூயார்க் போகிறாராம். நடுவில் எங்கும் இறங்காத விமானம். ஒரே மூச்சில் அங்கே போய்த்தான் இறங்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று இவளே கண்டுபிடித்துச் சித்தப்பாவை அசத்திவிட நினைத்திருக்கிறாள்.

அட்லஸின் உலகப் படத்தில் சிங்கப்பூரில் ஒரு புள்ளி. நியூயார்க்கில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. அந்தக் கோடு இலங்கை மேலே போய், அரபிக் கடலைத் தாண்டி, சஹாரா பாலைவனத்தைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. கோட்டை அளந்து, படத்தின் ஓரத்தில் போட்டிருந்த அளவுப்படி பெருக்கியிருந்தாள். 20,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

“பூமியோட சுற்றளவு 40,000 கிலோமீட்டர்னு எங்க டீச்சர் சொன்னாங்க. பாதி சுத்தினா 20,000. அதுக்கு மேல தூரத்துல ரெண்டு ஊர் இருக்கவே முடியாதே மாமா!”

நான் எழுந்து நின்று கைதட்டினேன். நீங்களும் தட்டுங்கள். விடை வந்ததும் நோட்டை மூடிவிடாமல், “இது நடக்கிற காரியமா?” என்று கேட்டாள் பாருங்கள், அதற்குத்தான் கைதட்டல்.

அவள் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா? இப்படி யோசியுங்கள். கோயில் குளத்தைச் சுற்றி 400 மீட்டர் பாதை. நீ ஒரு இடத்தில் நிற்கிறாய், உன் நண்பன் இன்னொரு இடத்தில். அவனிடம் போக நீ அதிகபட்சம் எவ்வளவு நடக்க வேண்டும்? 200 மீட்டர். அதற்கு மேலே போகிறது என்றால் திரும்பி, மறுபக்கமாக நடந்துவிடலாமே! பூமிக்கும் இதே கணக்குதான். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே குறுக்குவழி 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது.

அந்த 40,000 எப்படி இவ்வளவு முழுசான எண்ணாக இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? அது தற்செயல் இல்லை. 1790களில் பிரான்ஸ் நாட்டு அறிஞர்கள் மீட்டர் என்ற அளவை உண்டாக்கினார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக வெட்டி, அதில் ஒரு பங்குக்கு மீட்டர் என்று பேர் வைத்தார்கள். ஒரு கோடி மீட்டர் என்றால் 10,000 கிலோமீட்டர். அது கால்வாசிச் சுற்று. நாலு கால் சேர்ந்தால் 40,000. உன் பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கேலுக்குள்ளே பூமியே ஒளிந்திருக்கிறது!

சரி, கணக்குக்கு வருவோம். பெருக்கலில் தப்பில்லை. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்படியானால் தப்பு செய்தது யார்?

அட்லஸ்தான்.

அட்லஸைத் திட்ட வேண்டாம். பாவம், அதற்கு வேறு வழியில்லை. பூமி உருண்டை, காகிதம் தட்டை. ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலை மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரமெல்லாம் கிழியும். கிழியாமல் தட்டையாக்க வேண்டும் என்றால் அங்கங்கே இழுத்து நீட்ட வேண்டும். உலகப் படம் போடுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களை இழுத்து நீட்டி விடுகிறார்கள். உண்மையில் வட துருவம் ஒரே ஒரு புள்ளி. பல படங்களில் அது மேல் ஓரம் முழுக்க ஒரு நீளக் கோடாக ஆகிவிடுகிறது. சில படங்களில் துருவமே இருக்காது.

ஆக, இழுத்து நீட்டிய படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரமும் நீண்டுதான் போகும்.

பிறகு எப்படி அளப்பது? அவளை அடுக்களைக்கு அனுப்பினேன். மாம்பழத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பங்கனபள்ளி. வாசனை நன்றாக இருந்தது, உருவம் சரியில்லை. பூமி அப்படி நீளமாக இல்லையே! அதை வெட்டித் தின்றுவிட்டு, ஒரு சாத்துக்குடி கொண்டு வரச் சொன்னேன்.

நீங்களும் செய்யலாம். காம்பு இருக்கிற இடம் வட துருவம். நேர் கீழே அடிப்பக்கம் தென் துருவம். இடுப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வளையம் போடு. அது நிலநடுக்கோடு. சிங்கப்பூர் கிட்டத்தட்ட அந்த வளையத்தின் மேலேயே இருக்கிறது. வெறும் 1.4 டிகிரிதான் வடக்கே. அங்கே ஒரு புள்ளி வை. இப்போது பழத்தைப் பாதிச் சுற்று திருப்பு. இந்தப் பக்கம், வளையத்துக்கும் காம்புக்கும் இடையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே நியூயார்க். 40.6 டிகிரி வடக்கு. அங்கே இன்னொரு புள்ளி.

ஒரு நூலை எடு. ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொள். மறு முனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழு. நூல் எங்கே போகிறது?

“மாமா! காம்புகிட்டப் போகுது!”

ஆமாம். இலங்கையும் இல்லை, சஹாராவும் இல்லை. இறுக்கிய நூலுக்கு வேண்டாத சுற்று தெரியாது. அது குறுக்குவழியைத்தான் பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து நேர் வடக்கே ஏறி, தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா எல்லாம் தாண்டி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் போய், அந்தப் பக்கம் கனடா வழியாகத் தெற்கே இறங்கினால் நியூயார்க். இப்படிப்பட்ட வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பேர். பேர் பெரிது, விஷயம் இந்த நூல்தான்.

ஏன் துருவத்துக்குப் பக்கம் போகிறது? சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி தீர்க்கக்கோட்டில் இருக்கிறது. நியூயார்க் மேற்கே ஏறக்குறைய 74 டிகிரியில். இரண்டையும் கூட்டு. 178 வருகிறது. 180 வந்தால் இரண்டு ஊரின் தீர்க்கக்கோடுகளும் பூமியின் நேர் எதிர்ப்பக்கங்களில் இருக்கின்றன என்று அர்த்தம். இங்கே இரண்டு டிகிரிதான் குறைகிறது. அதனால்தான் காம்பை உரசிக்கொண்டு போகிறது நூல்.

இதில் நமக்கு ஒரு லாபம். பெரிய கணக்கு எதுவும் தெரியாமல், ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 90 டிகிரி. சிங்கப்பூர் 1.4 டிகிரியில் இருக்கிறது. துருவத்துக்கு இன்னும் எவ்வளவு? 88.6 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு இறங்க வேண்டும்? 90லிருந்து 40.6 போக 49.4. இரண்டையும் கூட்டினால் 138 டிகிரி. ஒரு டிகிரி எத்தனை கிலோமீட்டர்? 40,000த்தை 360ஆல் வகுத்துப் பார். 111.

138 தடவை 111. நோட்டை எடு. நான் காத்திருக்கிறேன்.

15,318 வந்ததா? சபாஷ். விமானத் துறையினர் சொல்லும் தூரம் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். சாத்துக்குடியை வைத்துக்கொண்டு நீ முப்பது கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிட்டாய்! அந்த முப்பதும் எங்கே போனது என்றால், நாம் 111க்குப் பின்னால் இருந்த தசமத்தை விட்டுவிட்டோம். பூமியும் பந்து மாதிரி உருண்டை இல்லை, இடுப்பில் கொஞ்சம் பருமன்.

எதிர்வீட்டுக்காரி இதோடு விடவில்லை. “இப்ப நேரம் கண்டுபிடிக்கிறேன்” என்று ஆரம்பித்தாள். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 15,350ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம், கூட ஒரு மூன்று நிமிடம்.

ஆனால் விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேலே போட்டிருக்கிறது. மறுபடி கணக்கு தப்பா?

இல்லை. உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் சைக்கிளில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள். ஒன்பது மணிக்கு மணி அடிப்பார்கள். நீ 8.50க்குக் கிளம்பினால் போதுமா? செருப்பு தேட வேண்டும், சைக்கிளை வாசலுக்குத் தள்ள வேண்டும், ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்க வேண்டும், பள்ளியில் சைக்கிளை நிறுத்திப் பூட்ட வேண்டும். விமானத்துக்கும் இதெல்லாம் உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், மேலே ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகமும் கிடையாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பல நாட்களில் விமானம் நம் நூல் வழியில் போவதே இல்லை!

2018 அக்டோபர் 11. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் நியூயார்க் வட்டாரத்துக்கு நேர் விமானத்தை மறுபடி தொடங்கிய நாள். அப்போது அது நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நெவார்க் விமான நிலையத்தில் இறங்கியது. 2020 நவம்பரிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் விமானம் விட்டார்கள். இரண்டுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். தொடங்குவதற்கு முன்பு அந்த நிறுவனம் என்ன அறிவித்தது தெரியுமா? வழி சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம். நூல் சொன்ன தூரத்தைவிட 1,300 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். தெரிந்தே சுற்றிக்கொண்டு போகிறார்கள். எதற்கு?

மொட்டைமாடியில் பட்டம் விட்டவர்கள் கையைத் தூக்குங்கள். கீழே முற்றத்தில் இலைகூட அசையாது. மேலே போன பட்டம் மட்டும் நூலை வெடுக் வெடுக்கென்று இழுக்கும். மேலே போகப் போகக் காற்று வேறு மாதிரி. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர், குளிர்காலத்தில் சில இடங்களில் 300க்கும் மேலேகூட. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடு, துருவத்துப் பக்கம் குளிர். இந்த வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை ஓட வைக்கின்றன. ஜப்பானுக்கு மேலே அது ரொம்பப் பலம்.

அதை முதலில் அளந்தவரும் ஜப்பான்காரர்தான். வசாபுரோ ஓய்ஷி என்ற வானிலை அறிஞர். 1920களில் அவர் பலூன்களை மேலே விட்டு, அவை போகிற திசையையும் வேகத்தையும் தொலைநோக்கிக் கருவியால் பார்த்துக் குறித்து வைத்தார். பட்டம் விடுகிற விளையாட்டுத்தான், நூல் மட்டும் இல்லை. உலகமே படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராந்தோ என்ற மொழியில் வெளியிட்டார். எல்லா நாட்டுக்கும் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி அது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அறிக்கையைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள், எதிர்காற்றில் நகர முடியாமல் திணறியபோதுதான் அந்தக் காற்றின் பலம் அவர்களுக்கு உறைத்தது. எனக்கு ஓய்ஷியை நினைத்தால் எப்போதும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

இப்போது விமானியாக நீ இருந்தால் என்ன செய்வாய்? சிங்கப்பூரிலிருந்து வடகிழக்காகப் போய், ஜப்பான் பக்கம் இந்தக் காற்று ஆற்றில் இறங்கிக்கொள்வாய். பசிபிக் பெருங்கடல் முழுக்க அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். காற்று 150 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் உன் 900 அப்படியே 1,050 ஆகிவிடும். சுற்றுவழிதான், ஆனாலும் நேரம் லாபம். எண்ணெயும் லாபம்.

முதல் நாள் பயணத்தையே பார்ப்போமே. 16,700 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் பதினெட்டரை மணி நேரம் வருகிறது. ஆனால் அந்த விமானம் 17 மணி 52 நிமிடத்தில் தரையிறங்கிவிட்டது. யார் தள்ளியிருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது என்ன செய்வார்கள்? அதே பசிபிக் வழியாக வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். அதனால் முன்பு சில நாட்கள் துருவத்துப் பக்கமாக வந்தார்கள். பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கே பார்த்து வருகிறார்கள். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே! போய் வந்தவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

துருவத்து வழியில் வேறொரு தொல்லை உண்டு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகிறதே, அதே தொல்லை. விமானங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறைய ஆரம்பிக்கும். துருவத்து வானத்தில் வெளியே மைனஸ் 60 டிகிரிக்குக்கூடப் போகும். அதனால் விமானி டாங்க்கின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் கொஞ்சம் கீழே, கதகதப்பான காற்றுக்கு இறங்குவார்.

இந்த இடத்தில் சிறுமி என்னை மடக்கப் பார்த்தாள். “மாமா, பூமி மேற்கிலிருந்து கிழக்கா சுத்துதுல்ல? சிங்கப்பூருக்கு மேல ஹெலிகாப்டர்ல சும்மா நின்னா, பூமி சுத்தி நியூயார்க் தானா கீழ வந்துடாதா? பன்னிரண்டு மணி நேரத்துல!”

அடடா, என்ன கேள்வி! பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு, கேட்க வெட்கம்.

ரயிலில் போகிறாய். ஒரு கொய்யாக்காயை மேலே தூக்கிப் போட்டுப் பிடி. ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடுகிறது. கொய்யாக்காய் பின்பக்கத்து ஆளின் மடியில் போய் விழுகிறதா? இல்லை. உன் கைக்கே வருகிறது. கொய்யாக்காயும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் உன்னோடு சேர்ந்து ரயில் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றன. பூமியும் ஒரு ரயில். நிலநடுக்கோட்டில் அதன் சுழற்சி வேகம் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர். நம்மைச் சுற்றியுள்ள காற்றும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. ஹெலிகாப்டரும் அந்தக் காற்றில்தான் நிற்கிறது. எத்தனை மணி நேரம் நின்றாலும் கீழே சிங்கப்பூர்தான் தெரியும்.

புரிந்ததா? புரியாவிட்டால் அடுத்த ரயில் பயணத்தில் கொய்யாக்காயோடு ஏறு.

எண்ணெயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கென்றே ஏர்பஸ் நிறுவனம் ஏ350-900 விமானத்தில் ஒரு தனி வகை செய்தது. டாங்க்கில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தெருவுக்கு வருகிறதே, அதுபோல கிட்டத்தட்ட பதினான்கு லாரி! நிரம்ப ஊற்றினால் எண்ணெய் மட்டும் 130 டன். விமானம், பயணிகள், பெட்டிகள், எண்ணெய் எல்லாம் சேர்த்தே 280 டன்னுக்கு மேல் போகக்கூடாது. ஆக, விமானத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். சும்மா சொல்லவில்லை, பறக்கும் எண்ணெய்ப் பீப்பாய்தான் அது.

அதனால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். மொத்தம் 161 இருக்கைகள்தான். சாதாரண வகுப்பே கிடையாது. தலைமேல் மாங்கூடையோடு மாடிப்படி ஏறுகிறவரைப் பார்த்திருப்பாய். கூடை நிறைந்திருந்தால் மெல்லத்தான் ஏற முடியும். விமானமும் முதலில் கொஞ்சம் தாழ்வாகவே பறக்கும். எண்ணெய் எரிய எரிய எடை குறையும். அப்போது ஒரு படி மேலே ஏறும். இன்னும் எரிந்தபின் இன்னொரு படி. மேலே காற்று மெலிசு, தடை குறைவு.

2004இலிருந்து 2013 வரையும் இதே சிங்கப்பூர், நெவார்க் வழியில் ஒரு விமானம் ஓடியது. அதற்கு நாலு எஞ்சின். நாலும் எண்ணெயைக் குடித்துத் தீர்த்ததில் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு எஞ்சின்தான்.

சரி, கடைசியாக ஒரு புதிர். அந்த முதல் விமானம் சிங்கப்பூரில் இரவு 11.37க்குக் கிளம்பியது. நெவார்க்கில் மறுநாள் காலை 5.29க்கு இறங்கியது. கழித்துப் பார். 5 மணி 52 நிமிடம்தானே ஆகிறது? ஆறு மணி நேரத்துக்குள் பாதி உலகமா!

கடிகாரம் பொய் சொல்லவில்லை. இரண்டு கடிகாரம் இருக்கிறது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இரவு 11.37 என்றால் நியூயார்க்கில் அதே நாள் காலை 11.37. அக்டோபரில் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். (குளிர்காலத்தில் அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அப்போது பதின்மூன்று.) காலை 11.37லிருந்து மறுநாள் காலை 5.29 வரை எண்ணு. 17 மணி 52 நிமிடம். சரியாக வந்துவிட்டதா?

இன்னொரு வேடிக்கை கேள். விமானம் கிளம்பி 23 நிமிடத்தில் நள்ளிரவு, அக்டோபர் 12 பிறந்துவிட்டது. பசிபிக் மேலே சூரியன் உதித்தது. பிறகு பன்னாட்டு தேதிக்கோட்டைத் தாண்டினார்கள். தாண்டியதும் தேதி மறுபடி 11! பகல் சீக்கிரமே முடிந்தது. அவர்கள் சூரியனை நோக்கிக் கிழக்கே விரைகிறார்கள், சூரியன் மேற்கே ஓடுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகள் சட்டென்று கடந்துவிடுவது போல. இருட்டியது. அமெரிக்கப் பக்கம் இரண்டாவது நள்ளிரவு. அக்டோபர் 12 இரண்டாம் முறையாகப் பிறந்தது. அன்று பிறந்தநாள் உள்ள பயணிக்கு இரண்டு தடவை வாழ்த்துச் சொல்லலாம்.

நேர்மாறாக, ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தவர்களும் உண்டு. 1943இல் போர் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, குவாண்டாஸ் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் விமானங்களை விட்டது. சுமார் 5,650 கிலோமீட்டர்தான். நம் பயணத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஆன நேரம் 27லிருந்து 33 மணி வரை! எதிரியின் காதில் விழாமல் இருக்க வானொலியை நிறுத்திவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போனார்கள். எண்ணெய்க்கே இடம் போய்விட்டதால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. வழியில் இரண்டு விடியல். ஏறியவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு’ உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பேன்.

சிறுமி வீட்டுக்குக் கிளம்பினாள். சித்தப்பாவிடம் சொல்ல இப்போது அவளிடம் ஒன்பது விஷயம் இருக்கிறது. சாத்துக்குடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம் சென்னை 80 டிகிரி கிழக்கு, 13 டிகிரி வடக்கு. மெக்சிகோ நகரம் 99 டிகிரி மேற்கு, 19.4 டிகிரி வடக்கு. 80ஐயும் 99ஐயும் கூட்டிப் பாருங்கள், 180க்கு ஒன்றுதான் குறைவு! ஆகவே நம் துருவக் கணக்கு இங்கேயும் செல்லும். தூரத்தைக் கண்டுபிடியுங்கள். 900ஆல் வகுத்து நேரத்தையும் எழுதுங்கள். விடை 16,000 கிலோமீட்டரைத் தாண்டினால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். சிங்கப்பூர், நியூயார்க் தூரத்தையே அது மிஞ்சிவிடும்.

ஒரு குறிப்பும் தருகிறேன். மெக்சிகோ நகரம் நம் ஊட்டி அளவுக்கு உயரத்தில், 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. எண்ணெய் நிரம்பிய விமானம் அங்கிருந்து எழும்புவது சாதாரணக் காரியம் இல்லை. சென்னைக்கும் மெக்சிகோ நகரத்துக்கும் இடையே நேர் விமானம் இன்று வரை கிடையாது.